‘அங்கே போனால் ஊருக்கே தெரிந்துவிடும்’: ஒன்ராறியோவில் சமூக சேவை நிலையங்கள் உங்கள் உடல்நலத் தகவலை எப்படிக் காக்கின்றன?

கேட்கப்பட்டது இதுதான்: “அம்மா இறந்த பிறகு அப்பா யாருடனும் கதைப்பதில்லை. சாப்பாடும் தூக்கமும் குறைந்துவிட்டது. தமிழில் உளவள ஆலோசனை தரும் சமூக சேவை நிலையம் ஒன்றுக்கு அனுப்பலாம் என்று குடும்ப வைத்தியர் சொல்கிறார். அப்பாவோ, ‘அங்கே வேலை செய்பவர்கள் எல்லாம் நம்முடைய ஆட்கள், போனால் ஊருக்கே தெரிந்துவிடும்’ என்று மறுக்கிறார். இந்த நிலையங்கள் தங்களிடம் வருபவர்களின் தகவலை உண்மையில் எப்படிப் பாதுகாக்கின்றன? இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?”

அப்பாவின் பயத்தை வயதானவரின் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். இப்படியான நிலையங்களில் தகவல் பாதுகாப்புப் பொறுப்பைப் பல வருடங்கள் பார்த்தவன் நான். வருபவர்கள் வழக்கமாகக் கேட்பது கணினியைப் பற்றித்தான். யாராவது ஹக் பண்ணிவிடுவார்களா, பதிவுகள் எந்த நாட்டு சேர்வரில் இருக்கின்றன என்பார்கள். உங்கள் அப்பா கேட்பது அதைவிடக் கூர்மையான கேள்வி. எங்கே இருக்கிறான் என்றே தெரியாத ஹக்கருக்கு அவருடைய தூக்கமின்மையில் என்ன அக்கறை? அக்கறை இருப்பது, கோயிலில் அவரைக் காணும் ஒருவருக்கு. ஆகவே பூட்டு, கடவுச்சொல் எல்லாவற்றையும் பிறகு பார்ப்போம். அந்தத் தெரிந்த ஆளை என்ன கட்டுப்படுத்துகிறது என்பதில் தொடங்குகிறேன்.

சட்டம் இருக்கிறது. தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். 2004 நவம்பர் 1 முதல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடைமுறையில் இருக்கிறது. துறையில் உள்ளவர்கள் ‘பிப்பா’ (PHIPA) என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய, அவருடைய உடல்நலம் அல்லது மனநலம் சம்பந்தமான தகவல் இதற்குள் அடங்கும். குடும்பத்தின் நோய் வரலாறு, சிகிச்சை தருபவர் யார் என்ற விபரம், ஹெல்த் கார்ட் இலக்கம் எல்லாமே சேர்த்தி. தாளிலோ கணினியிலோ பதிந்தால்தான் தகவல் என்றில்லை, வாயால் சொன்னதும் தகவல்தான். ‘இன்னார் வியாழக்கிழமைகளில் அந்த ஆலோசகரிடம் வருகிறார்’ என்று ஒரு பணியாளர் வெளியே சொன்னால், நோயின் பெயரைச் சொல்லாவிட்டாலும் அது சட்டமீறல். பலர் இதைக் கவனிப்பதில்லை. ‘நான் அவருக்கு என்ன வருத்தம் என்று சொல்லவே இல்லையே’ என்று சமாளிப்பார்கள். அது எடுபடாது.

சட்டத்தின் அடிப்படை எளியது. அங்கே வேலை செய்வதால் மட்டும் ஒருவருக்குக் கோப்பைப் பார்க்கும் உரிமை வந்துவிடாது. தன் வேலைக்குத் தேவைப்படும்போது, தேவைப்படும் அளவு மட்டும் பார்க்கலாம். வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு அப்பாவின் பெயர், தொலைபேசி, சந்திப்பு நேரம் தெரிந்தால் போதும். ஆலோசகர் எழுதும் குறிப்புகள் அவருக்குத் திறக்கக்கூடாது. கணக்கு எழுதுபவருக்கு இன்னும் குறைவு. ஒழுங்காக நடக்கும் நிலையத்தில் கணினியிலேயே இப்படிப் பிரித்து வைத்திருப்பார்கள். சம்பளம் வாங்குபவர்கள் மட்டுமல்ல, தொண்டர்கள், பயிற்சி மாணவர்கள், நிலையம் அழைத்து வரும் மொழிபெயர்ப்பாளர்கள் என எல்லோரும் சட்டத்தின் பார்வையில் நிலையத்தின் முகவர்கள். அவர்கள் செய்யும் பிழைக்கு நிலையமும் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் வாரம் ஒருநாள் தேநீர் ஊற்ற வருபவரிடம்கூட இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குகிறோம்.

சரி, காகிதத்தில் இப்படி எழுதியிருக்கிறது. யாராவது மீறினால்?

மீறியிருக்கிறார்கள். சட்டம் வந்த புதிதில் ஒட்டாவாவில் நடந்தது ஒன்று, உங்கள் அப்பாவின் பயத்தை அப்படியே உரித்து வைத்தது போன்றது. ஒரு பெண் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார். அவரைப் பிரிந்து வாழும் கணவர் அதே வைத்தியசாலையில் வேலை செய்கிறார். கணவரின் புதிய துணை அங்கே தாதி. தான் வந்திருப்பது இந்த இருவருக்கும் தெரியக்கூடாது என்று அந்தப் பெண் உள்ளே வரும்போதே சொல்லிவிடுகிறார். அப்படியிருந்தும் அந்தத் தாதி, தன் பராமரிப்பில் இல்லாத அந்தப் பெண்ணின் மின்னணுப் பதிவைத் திறந்து பார்த்தார். முறைப்பாடு போன பிறகும் மீண்டும் பார்த்தார். மாகாணத்தின் தகவல் மற்றும் தனியுரிமை ஆணையாளர் 2006இல் இதில் உத்தரவு பிறப்பித்தார். தாதி பார்த்ததை மட்டுமல்ல, முன்கூட்டியே எச்சரித்தும் வைத்தியசாலை தடுக்கத் தவறியதையும் அவர் கண்டித்தார். நிலையங்களில் எங்களுக்குத் தரும் பயிற்சிகளில் இன்றும் இந்த வழக்கு வருகிறது.

இரண்டாவது வழக்கு இன்னும் கிட்டத்தில் உள்ளது, ஏனென்றால் சம்பந்தப்பட்டவர் சமூகப்பணித் துறையில் முதுகலை படித்த மாணவி. கொட்ரிச் நகரத்து நீதிமன்றத்தில் 2017இல் முடிந்தது. ஒரு குடும்ப வைத்தியக் குழுவில் பயிற்சிக்குப் போனவர், காரணமில்லாமல் 139 பேருடைய பதிவுகளைப் பார்த்திருந்தார். குடும்பத்தவர், நண்பர்கள், ஊர்க்காரர்கள் என்று. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 20,000 டொலர் அபராதமும், அதற்கு மேல் 5,000 டொலர் பாதிக்கப்பட்டோருக்கான மேல்வரியும் விதிக்கப்பட்டன. வெளியே யாருக்காவது சொன்னாரா என்பது இரண்டாம் பட்சம். பார்த்ததே குற்றம். விடுப்புப் பார்ப்பது என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு இந்த மாகாணத்தில் இப்படி ஒரு விலை இருக்கிறது.

அதற்குப் பிறகு தண்டனை இன்னும் கடுமையாகியிருக்கிறது. 2020இல் திருத்திய பிறகு, வேண்டுமென்றே மீறும் தனிநபருக்கு 200,000 டொலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 10 இலட்சம் டொலர் வரை. இதெல்லாம் நீதிமன்றம் போய் நிரூபிக்க வேண்டியவை. 2024 ஜனவரி 1 முதல், நீதிமன்றம் போகாமலே ஆணையாளர் நேரடியாகத் தண்டப்பணம் விதிக்கலாம். தனிநபருக்கு 50,000 வரை, நிறுவனத்துக்கு 500,000 வரை. ஒரு பணியாளரைப் பொறுத்தவரை அபராதத்தை விட வேலை போவதும், தொழில்முறைக் கல்லூரியில் (படிக்கும் இடமல்ல, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு போவதும் பெரிய பயம். பதிவு பெற்ற சமூகப்பணியாளர்களுக்கும் உளச்சிகிச்சையாளர்களுக்கும் அவரவர் கல்லூரி உண்டு, அங்கும் தனியாக முறைப்பாடு செய்யலாம்.

இவர்களைப் பிடிக்க உதவுவது கணினியின் தடப்பதிவு. எந்தப் பணியாளர், எந்தக் கோப்பை, எத்தனை மணிக்குத் திறந்தார் என்று அது எழுதி வைக்கும். தாள்கோப்புக் காலத்தில் அலுமாரியை யார் திறந்தார் என்று யாருக்கும் தெரியாது. என் கணிப்பில், தெரிந்த ஆட்களின் விடுப்பை அடக்கியதில் எந்தப் பூட்டையும் விட இந்தத் தடப்பதிவுக்குத்தான் பங்கு அதிகம். ஆனால் யாராவது அதை எடுத்துப் பார்த்தால்தான் பலன். அதனால் நிலையத்தைக் கேளுங்கள்: உங்கள் பதிவேட்டில் தடப்பதிவு இருக்கிறதா, யார் அதைப் பரிசோதிக்கிறார், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை? தடுமாறிப் பதில் சொன்னால், அதுவே ஒரு பதில்.

இனி அப்பாவுக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பலருக்கு இது தெரியாது. தன் கோப்பை இன்ன பணியாளர் பார்க்கக்கூடாது என்று அவர் சொல்லலாம். சட்டம் இதற்குத் தனிப் பெயர் வைக்கவில்லை, நடைமுறையில் ‘லொக்பொக்ஸ்’ என்பார்கள். ‘வரவேற்பில் இருப்பவர் என் மைத்துனியின் மகள், அவருக்கு என் கோப்பு திறக்கக்கூடாது’ என்று சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. முழுக் கோப்பையும் மூடலாம், ஒரு பகுதியை மட்டும் மூடலாம், வேறு நிலையத்துக்கோ வைத்தியருக்கோ போகாமல் நிறுத்தலாம். அப்படி மறைத்து வைத்திருக்கும்போது இன்னொரு சிகிச்சையாளருக்குத் தகவல் அனுப்ப நேர்ந்தால், தேவையானது முழுவதும் இதில் இல்லை என்று மட்டும் நிலையம் அவருக்குச் சொல்ல வேண்டும். என்ன மறைந்திருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. மறைத்ததால் சிகிச்சையில் ஏதாவது தவறிப்போகலாம் என்பதை ஆலோசகர் அப்பாவுக்கு விளக்குவார். கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.

இதற்கும் எல்லை உண்டு. ‘எதையுமே எழுதாதீர்கள்’ என்று கேட்க முடியாது. ஆலோசகர் தன் தொழில்முறை விதிப்படி குறிப்பு எழுதியே ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு எழுதுகிறார் என்பதில் இடமிருக்கிறது. தேவைக்கு மேல் தகவல் சேகரிக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. துக்கத்துக்காக ஆலோசனை பெற வந்தவரிடம் முப்பது வருடத்துக்கு முந்திய விவகாரத்தை ஒரு படிவம் கேட்டால், இது எதற்கு என்று கேட்கலாம், வெறுமையாக விடலாம். நம் பெரியவர்கள் படிவத்தில் பெட்டி இருந்தால் நிரப்பியே தீர வேண்டும் என்று நினைக்கிறார்கள். படிவம் தயாரிப்பவர்களும் ஒருநாள் உதவும் என்று பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சேகரிக்காத தகவல் ஒருபோதும் கசியாது.

இதுவரை சொன்னதில் ஒரு முக்கியமான நிபந்தனையை விட்டுவிட்டேன், ஏனென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘சமூக சேவை நிலையம்’ என்ற பெயர்ப்பலகை இருக்கும் எல்லா இடத்துக்கும் பிப்பா பொருந்தாது. சுகாதாரப் பராமரிப்பைத் தன் முதன்மை நோக்கமாகக் கொண்ட சமூக சுகாதார அல்லது மனநல நிலையம், திட்டம், சேவை ஆகியவையே அதன் கீழ் பொறுப்பாளர்கள். சிகிச்சையாக ஆலோசனை தரும் பதிவு பெற்ற சமூகப்பணியாளரும் அதற்குள் வரலாம். புதிதாக வந்தவர்களுக்கான குடியேற்ற உதவி, வீட்டு வசதி, உணவு வங்கி, முதியோர் பொழுதுபோக்குக் குழு இவையெல்லாம் பொதுவாக வெளியே. ஒரே கட்டடத்தில், ஒரே பெயரின் கீழ், இரண்டு வகையும் இருக்கும். மேல்மாடியில் ஆலோசனை, கீழே முதியோர் மதிய உணவு. அப்பா மேலே சொன்னது அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கீழே இறங்கக்கூடாது. ‘தனிமையில் இருக்கிறார், அவரை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று நல்லெண்ணத்தில் ஆலோசகர் கீழே சொல்வதும் இதில் அடங்கும். நல்லெண்ணத்தில் நடக்கும் கசிவுகள்தான் எனக்கு அதிகம் தலையிடி தந்தவை. கெட்ட எண்ணம் உள்ளவனை வேலையை விட்டு அனுப்பிவிடலாம். நல்லவரிடம் என்ன சொல்வது?

பிப்பாவுக்கு வெளியே இருக்கும் சேவைகளுக்கு என்ன சட்டம்? இங்கேதான் ஓட்டை. மத்திய அரசின் தனியுரிமைச் சட்டம் வணிகச் செயற்பாடுகளுக்கானது, இலாப நோக்கற்ற நிலையங்களின் வழக்கமான சேவைகள் அதற்குள் வருவதில்லை. ஒன்ராறியோவில் அவற்றுக்கென்று பொதுவான தனியுரிமைச் சட்டமும் இல்லை. சிறுவர் சேவைகளுக்கு மட்டும் 2020 ஜனவரி 1 முதல் தனிச் சட்டவிதி இருக்கிறது. மற்றவை தங்கள் சொந்தக் கொள்கையையும், நிதி தருபவருடன் செய்த ஒப்பந்தத்தையும் நம்பித்தான் நடக்கின்றன. சில இடங்களில் அந்தக் கொள்கை பிப்பாவை விடக் கண்டிப்பானது. சில இடங்களில் ஒரு பக்கத் தாள். ஆகவே முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: ‘இந்தத் திட்டம் பிப்பாவின் கீழ் வருகிறதா?’ வருகிறதென்றால், தங்கள் தகவல் நடைமுறை பற்றிய எழுத்து அறிக்கை ஒன்றைப் பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும். முறைப்பாடு, கேள்வி எதுவானாலும் யாரிடம் போவது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய ஒரு சின்ன விஷயம், ஹெல்த் கார்ட். மாகாண அரசின் பணத்தில் சுகாதார சேவை தருபவர்தான் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வேறு யாருக்கும் அதைக் கட்டாயமாகக் கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை. உணவு வங்கியிலோ வகுப்பு ஒன்றுக்குப் பதியும்போதோ அடையாளத்துக்கு என்று கேட்டால், வேறு அடையாள அட்டையைக் கொடுங்கள்.

அடுத்தது சம்மதம். குடும்ப வைத்தியர் ஆலோசகருக்கு அப்பாவைப் பற்றி எழுதி அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் கையொப்பம் தேவையில்லை. சிகிச்சை தருபவர்களுக்குள், சிகிச்சைக்காக என்றால், அவர் மறுக்காதவரை சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். அந்த வட்டத்தை விட்டு வெளியே போகும்போது நிலைமை மாறும். வீட்டு வசதி அலுவலகம், வேலை கொடுத்தவர், காப்புறுதி நிறுவனம், குடிவரவு அலுவலகம் யாராக இருந்தாலும் வெளிப்படையான சம்மதம் வேண்டும், சட்டமே கட்டாயப்படுத்தும் சந்தர்ப்பங்கள் தவிர. எதற்காகத் தகவல் போகிறது என்று தெரிந்து, மறுக்கலாம் என்பதும் தெரிந்து கொடுப்பதுதான் சம்மதம். ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கியது செல்லாது. நிபந்தனை போடலாம், பிறகு திரும்பப் பெறலாம். ஆனால் அதற்குள் வெளியே போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பெறுபவரின் பெயர் இல்லாத, ‘தேவைப்படும் எல்லா நிறுவனங்களுக்கும்’ என்று எழுதியிருக்கும் படிவம் கண்ணில் பட்டால் கையொப்பம் வைக்காதீர்கள். பெயரை எழுதச் சொல்லுங்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. உங்களுக்கும் சொல்ல மாட்டார்கள். அப்பா முடிவெடுக்கும் திறனோடு இருக்கும்வரை பிள்ளை என்பதால் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. ‘அப்பா இன்றைக்கு வந்தாரா?’ என்று தொலைபேசியில் கேட்டால், அப்படி ஒருவர் வருகிறாரா என்பதையே சொல்ல முடியாது என்பார்கள். கோபப்படாதீர்கள். அதே பதில்தான் அவருடைய மைத்துனருக்கும் கிடைக்கும். அவர் விரும்பினால் உங்கள் பெயரை எழுதிக் கொடுக்கலாம், எதுவரை சொல்லலாம் என்றும் வரையறுக்கலாம். சந்திப்பு நேரம் மட்டும், மருந்து மட்டும் என்று. இன்னொன்று, அப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஏதாவது மதிப்பீடு நடந்தால் நீங்கள் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது, தன் மனைவி இல்லாத இரவுகளைப் பற்றி எந்தத் தகப்பன் வாய் திறப்பார்? தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நம்முடைய ஊர் ஆளாக இருக்கலாம் என்று பயந்தால், தொலைபேசி வழியாக, அப்பாவின் பெயரைச் சொல்லாமல் நடத்தச் சொல்லலாம்.

பெற்றோர் அடிக்கடி கேட்பதால், பதின்ம வயதுப் பிள்ளைகள் பற்றியும் ஒரு வரி. பிப்பாவில் குறைந்தபட்ச வயது கிடையாது. விளங்கிக்கொள்ளும் திறன் உள்ள 14 வயதுப் பிள்ளையின் முடிவு, பெற்றோரின் முடிவோடு மோதினால், பிள்ளையின் முடிவே நிற்கும்.

இரகசியம் எல்லையில்லாததா? இல்லை. இதை முதல் சந்திப்பிலேயே ஆலோசகர் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள். 16 வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சிறுவர் உதவிச் சங்கத்துக்கு உடனே அறிவிப்பது எல்லோருக்கும் சட்டக் கடமை. தொழில்முறையாளர் தவறினால் அபராதம் உண்டு. ஒருவருக்குக் கடுமையான உடல் தீங்கு நேரும் ஆபத்து பெரிதாக இருந்தால், அதைத் தடுக்கத் தேவையான அளவு சொல்லலாம். அது அப்பா தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்தாகவும் இருக்கலாம், லொக்பொக்ஸ் அதை மறிக்காது. நீதிமன்றத்தின் அழைப்பாணையும் தேடுதல் ஆணையும் உண்டு. ‘நாங்கள் பொலிஸ், கோப்பைக் காட்டுங்கள்’ என்று கேட்டு வந்தால் மட்டும் யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை. சட்ட அதிகாரம் என்ன என்று கேட்பார்கள்.

இனி பூட்டும் கணினியும். இந்தப் பகுதியில் விதிகள் பெரும்பாலும் விபத்துகளில் இருந்து வந்தவை. 2005இல் ரொறன்ரோவில், நியூயோர்க் 2001 தாக்குதலைப் பற்றிய ஒரு படப்பிடிப்புக்காகத் தெருவில் தாள்கள் கொட்டப்பட்டன. பார்த்தால், அவை உண்மையான நோயாளிகளின் பதிவுகள்! ஒரு ஸ்கான் நிலையம் அழிக்கக் கொடுத்த தாள்கள் மீள்சுழற்சிக்குப் போய், அங்கிருந்து படப்பிடிப்புக்கு விற்கப்பட்டிருந்தன. பிப்பாவின் கீழ் வந்த முதல் உத்தரவே இதைப் பற்றியதுதான். திரும்ப ஒட்ட முடியாதபடி துண்டாக்க வேண்டும், அழிக்கும் நிறுவனத்துடன் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்பது அதிலிருந்து வந்தது. 2007இல் ஒரு வைத்தியரின் வாகனத்திலிருந்து மடிக்கணினி திருட்டுப் போனது. அதில் சுமார் 2,900 பேரின் தகவல். வெளியே போகும் கருவியில் உள்ள சுகாதாரத் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க (அதாவது திறவுகோல் இல்லாதவர் வாசிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்க) வேண்டும் என்று அப்போது உத்தரவானது. அப்படியிருந்தும் 2009 டிசம்பரில் டர்ஹம் பிரதேசத்தில் ஒரு யூஎஸ்பி தொலைந்தது. பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட 83,524 பேரின் விபரம், குறியாக்கம் இல்லாமல்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது சட்பரியில் 2007இல் நடந்தது. போதைப் பழக்கத்தில் இருந்து மீள மெதடோன் என்ற மருந்து கொடுக்கும் சிகிச்சை நிலையமொன்றின் கழிவறையில், சிறுநீர் மாதிரி கொடுப்பதைக் கண்காணிக்க வயரில்லாத கமெரா. வெளியே போன ஒரு காரின் பின்பக்கக் கமெராத் திரையில் அந்தக் காட்சி தெரிந்துவிட்டது. யாரும் எதையும் திருடவில்லை, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

இன்றைக்கு ஒரு நல்ல நிலையத்தில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது: குறியாக்கம் செய்த கணினிகள், இரண்டு படி உள்நுழைவு, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவது, தாள்கோப்பு வீட்டுக்குப் போகாமை. ஃபக்ஸ் இன்னும் சாகவில்லை. இலக்கம் ஒன்று மாறிப் போய் வேறு அலுவலகத்தில் விழும் ஃபக்ஸ் இன்றும் மாகாணம் முழுக்க வாடிக்கையான கசிவு. வாட்ஸ்அப்பில் ஆலோசகருக்குப் படிவத்தின் படம் அனுப்ப வேண்டாம். அவர் அனுப்பச் சொன்னால், வேறு வழி கேளுங்கள். அப்பாவின் கைத்தொலைபேசியில் விழும் படம் குடும்பக் குழுவுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்த கதைகள் நிறைய உண்டு.

சட்டம் எட்டாத இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன், நிலையங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. முதலாவது காத்திருக்கும் அறை. அங்கே அப்பாவைக் காணும் இன்னொரு சேவைபெறுநரைப் பிப்பா கட்டுப்படுத்தாது. இரண்டாவது குழு ஆலோசனை. மனைவியை இழந்தவர்களுக்கான குழுவில் பத்துப் பேர் இருந்தால், நடத்துபவர் மட்டும்தான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மற்றவர்கள் ‘இங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டோம்’ என்று வாக்குக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் காப்பாற்றுவார்கள். ஆனால் உங்கள் அப்பாவின் பயம் இந்த வகை என்றால், குழுவில் தொடங்காமல் தனி ஆலோசனையில் தொடங்குவது நல்லது.

எல்லாம் இருந்தும் கசிந்துவிட்டால், நிலையம் அதை மறைக்க முடியாது. தகவல் திருட்டுப் போனாலோ, தொலைந்தாலோ, அனுமதியின்றிப் பார்க்கப்பட்டாலோ முடிந்த விரைவில் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிக்க வேண்டும். ஆணையாளரிடம் முறைப்பாடு செய்யலாம் என்பதையும் அந்த அறிவித்தலில் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே பார்த்தது, திருட்டு போன்ற குறிப்பிட்ட வகைகளை 2017 ஒக்டோபர் 1 முதல் நிலையமே ஆணையாளருக்கும் அறிவிக்க வேண்டும். நீங்களாகவே முறைப்பாடு செய்வதென்றால், விஷயம் தெரிய வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எழுத்தில் செய்யுங்கள்.

கோப்பைப் பார்க்கும் உரிமையும் அப்பாவுக்கு உண்டு. எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், காரணம் இருந்தால் இன்னொரு 30 நாள் நீட்டலாம். பிழையான விபரம் இருந்தால் திருத்தக் கேட்கலாம். ஆலோசகர் நேர்மையாக எழுதிய தொழில்முறைக் கருத்தை மாற்ற வைக்க முடியாது, ஆனால் அதை ஏற்கவில்லை என்று ஒரு குறிப்பைக் கோப்பில் சேர்க்க வைக்கலாம். எங்கள் பெரியவர்கள் சிலர் தங்கள் கோப்பை வாங்கி வாசித்த பிறகுதான் ஆலோசகரை நம்பத் தொடங்கினார்கள். எழுதியிருப்பது அவர்கள் பயந்ததை விடக் குறைவு.

நடைமுறையில் இப்படிச் செய்து பாருங்கள். பெயரைச் சொல்லாமலே நிலையத்துக்கு அழைத்து, தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரைக் கேளுங்கள். நீங்கள் கேட்பதை விட அப்பாவே கேட்டால் இன்னும் நல்லது, ஸ்பீக்கரில் போட்டாவது. அந்தத் திட்டத்தில் வேலை செய்பவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள், தெரிந்தவர் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பதியும்போது, எந்த இலக்கத்துக்கு அழைக்கலாம், வொய்ஸ்மெயில் வைக்கலாமா, வைத்தால் நிலையத்தின் பெயரைச் சொல்லலாமா, வீட்டுக்குக் கடிதம் வரலாமா என்பதை எழுதிக் கொடுங்கள். இத்தனைக்குப் பிறகும் அவர் வேண்டாம் என்றால், வேறு நகரத்தில் உள்ள தமிழ் ஆலோசகர் ஒருவரைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ பார்க்க ஏற்பாடு செய்யலாம், இப்போது பலர் அப்படித் தருகிறார்கள். அப்படியானால் காத்திருக்கும் அறைப் பிரச்சினையே இல்லை. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் எல்லோரும் வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள்.